நுளம்புக்கு யார் கொடுத்தது?

அன்புள்ள ஐயா,

நான் உப்புவெளியைச் சேர்ந்தவன். ஆய்வுகூடம் ஒன்றில் அனோபிலிஸ் வளர்க்கும் அறையில் உதவியாளராகச் சேர்ந்து 4 மாதம் ஆகிறது. நாடே ஒழித்துவிட்ட மலேரியா நுளம்பைச் சீனித்தண்ணீரும் இரத்தமும் கொடுத்து வளர்ப்பது பாவம் என்று அம்மா அழுகிறார். வேலையை விட்டுவிடட்டுமா?

— வாசகன், திருகோணமலை

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். பாவ புண்ணியம் பேச நான் ஆள் இல்லை. அம்மாவோடு ஒருநாள் கோணேசர் கோயிலுக்குப் போய்வாருங்கள், அவர் மனம் ஆறும். நாடு ஒழித்தது நோயைத்தான், நுளம்பை அல்ல. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதே வருடக் கடைசியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீஃபன்சை என்ற, நாட்டுக்குப் புதிதான நுளம்பைக் கண்டார்கள். எந்தப் பூச்சிமருந்துக்கு எந்த நுளம்பு சாகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கூண்டு வேண்டும். அது இருக்கட்டும்.

4 மாதம் அந்த அறையில் இருந்துவிட்டு ‘மலேரியா நுளம்பு’ என்று எழுதுகிறீர்களே, அதற்குத்தான் கோபம் வந்தது. எந்த நுளம்பும் மலேரியாவோடு பிறப்பதில்லை. தாயிடமிருந்து முட்டைக்கு அந்தக் கிருமி போகாது. உங்கள் தட்டில் மீன்தீனித் தூளைத் தின்றுகொண்டு, நீர்மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கிற புழுவைக் குனிந்து பாருங்கள். சுத்தமானது. சிறகு முளைத்துக் கூண்டுக்குள் போன பிறகும் சுத்தம்தான். ஆண் சீனித்தண்ணீரோடு சரி. பெண் முட்டைக்காக இரத்தம் குடிக்கிறது. அந்த இரத்தத்தில் கிருமி இருந்தால்தான் அதற்குத் தொற்றும். அப்புறமும் பத்துப் பன்னிரண்டு நாள் அது உயிரோடிருக்க வேண்டும், கிருமி அதன் எச்சிலுக்கு வந்து சேர. நுளம்புக்கு மலேரியாவைக் கொடுப்பது நாங்கள், தம்பி.

1986இல் தம்பலகாமத்தில், அம்மம்மா வீட்டில், எனக்கு நடுங்கிக் காய்ச்சல். இரண்டு சாக்குப் போர்த்தியும் பல் கிட்டியது. விரலில் குத்திக் கண்ணாடியில் இரத்தம் எடுத்தார்கள், குளோரோகுயின் தந்தார்கள். 3 நாள் விழுங்க வேண்டும். கசப்புத் தாங்காமல் இரண்டாம் நாள் குளிசையை வாழையடியில் துப்பிவிட்டு, விழுங்கினேன் என்றேன். இரவு புழுக்கம் என்று வலையை விட்டு விறாந்தையில் வந்து படுத்தேன். தங்கச்சியும் பாயை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுத்தாள்.

ஒரு மாதம் போகவில்லை, அவளுக்கு நடுக்கம். அந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சையை அவள் எழுதவில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிறவள். எல்லோரும் நுளம்பைத்தான் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். வளர்ந்து இதையெல்லாம் படித்த பிறகு ஒருநாள் கணக்குப் பார்த்தேன். நுளம்பின் உடம்பில் 12 நாள், அவள் உடம்பில் 2 கிழமை. வேறு வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம்தான். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.

அம்மாவை ஒருநாள் கூட்டிப்போய்ப் புழுத்தட்டைக் காட்டுங்கள். குளிசை துப்பியதைத் தங்கச்சியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிலை இன்று அவளுக்கும் அனுப்புகிறேன்.