மறு: அவரையில் அசுவினி, கூடவே ஒரு கருப்புப் புழு

அவரையில் மொய்க்கும் அசுவினிக்கு அடிக்க எடுத்த பூச்சிமருந்தைக் கீழே வையுங்கள். கருப்பில் வெள்ளைத் திட்டோடு, ஆறு காலில் ஓடுகிற புழு என்று எழுதியிருக்கிறீர்கள். அது பொறிவண்டின் குஞ்சாகத்தான் இருக்கும். அவரையைத் தொடாது, அதன் சாற்றை உறிஞ்சும் அந்தக் குட்டிப் பூச்சியான அசுவினியைத்தான் தின்னும்.

சரி, ஓர் அசுவினியைத் தொட்டால் பக்கத்தில் இருப்பவையும் பொத்பொத்தென்று விழுவது ஏன்? அசுவினியின் பின்பக்கம் இரண்டு குட்டிக் குழல்கள் இருக்கும், லென்ஸ் வைத்தால் தெரியும். கடிபட்டால் அதன் நுனியில் ஒரு துளி கசியும். அதிலுள்ள பீட்டா ஃபார்னசீன் என்ற வாசனை சொந்தக்காரர்களுக்கு ‘ஓடு’ என்கிற எச்சரிக்கை. வேடிக்கை என்னவென்றால், பொறிவண்டுகள் சிலவும், அசுவினியைத் தின்னும் புழுக்களை ஈனும் சிர்ஃபிட் ஈயும் அதே வாசனையை மோப்பம் பிடித்து வந்துவிடும். ஆபத்து என்று கத்தப்போய் எதிரிக்கே விலாசம் கொடுத்த கதை!

உங்கள் உண்மையான தலைவலி எறும்பு. அசுவினி விடும் இனிப்பான தேன்கழிவுக்காகப் பொறிவண்டுக் குஞ்சுகளைக் கடித்துத் துரத்தும். பந்தல் கம்பின் அடியில் கிரீஸ் தடவி அதன் வழியை அடையுங்கள். மொய்த்துக் கிடக்கும் நுனிகளை மட்டும் கிள்ளிப் போடுங்கள், புழு இருந்தால் வேறு இலைக்கு மாற்றிவிட்டு. வேப்பெண்ணெய்கூட இப்போதைக்கு வேண்டாம். ஒரு வாரம் பார்த்துவிட்டு, முடிந்தால் படத்தோடு எழுதுங்கள்.