தறுகண் என்னும் சொல்

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகள் 'தறுகண்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டாள். அகராதியைப் பார்த்தால் 'அஞ்சாமை' என்றும் இருக்கிறது, 'கொடுமை' என்றும் இருக்கிறது. ஒரே சொல் பாராட்டாகவும் பழியாகவும் எப்படி இருக்க முடியும்? (வாசகி, குடியாத்தம்)

பதில்: அகராதி இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருப்பது சரியே. இச்சொல்லின் பின்பாதியாகிய 'கண்' என்பதில்தான் விடை இருக்கிறது. அஞ்சியவனை முதலில் காட்டிக்கொடுப்பது அவன் கண். அஞ்சாதவனை அடையாளம் காட்டுவதும் அதுவே. பகைவன் வேலை எறியும்போது, சினந்து விழித்த கண் சற்றே இமைத்துவிட்டாலும் அது புறமுதுகிட்டு ஓடியதற்குச் சமம் என்கிறது படைச்செருக்கு அதிகாரத்தின் 775ஆம் குறள். அங்கே வீரரைக் குறிக்கும் சொல் 'வன்கணவர்'. அதே சொல்லை ஈகை அதிகாரத்தில், பொருளைப் பிறர்க்குக் கொடாமல் சேர்த்துவைத்து இழக்கும் கல்நெஞ்சரைக் குறிக்கவும் வள்ளுவர் ஆள்கிறார். வேல் கண்டு இமைக்காத கண், இரப்பவரைக் கண்டும் இளகாமல் போனால் அது கொடுமை. இன்று நாம் பார்வைக் கோணம் என்ற பொருளில் வழங்கும் 'கண்ணோட்டம்' பழந்தமிழில் இரக்கத்தின் பெயர் என்பதையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

'பேராண்மை என்ப தறுகண்' என்று தொடங்கும் 773ஆம் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், பகைவர்மேல் 'கண்ணோடாது செய்யும் மறம்', அதாவது இரக்கம் காட்டாமல் செய்யும் வீரம் என்றே தறுகண்ணை விளக்குகிறார். ஆனால் குறள் அங்கே நிற்கவில்லை. அப்பகைவர்க்கு ஒரு தாழ்வு வந்தபோது அவருக்கு உதவும் 'ஊராண்மை'தான் அந்தப் பேராண்மைக்குக் கூர்மை என்று முடிக்கிறது. படையிழந்து தனித்து நின்ற இராவணனை 'இன்று போய் நாளை வா' என்று இராமன் விட்டதை உரையாசிரியர் இதற்கு எடுத்துக்காட்டுகிறார். ஆகவே, தறுகண் என்பதற்கு வெறுமனே 'வீரம்' என்று பொருள் எழுதி நகர்ந்துவிடுவது இச்சொல்லுக்குச் செய்யும் குறை என்றே நான் கருதுகிறேன்.

இத்தகைய மறவர்களைக் கல்லிலேயே காண விரும்பினால், 1989 வரை நம் வட ஆர்க்காடு மாவட்டத்தோடு இருந்த செங்கம் பகுதிக்கு மகளை அழைத்துச் செல்லுங்கள். ஆநிரை கவர்ந்தபோதும் மீட்டபோதும் மடிந்தவர்களுக்குப் பல்லவர் காலத்தில் நட்ட கற்கள் அங்கே பல கிடைத்துள்ளன. அவற்றின் எழுத்துகளில் புகழ்மொழி மிகக் குறைவு. இன்னார் 'தொறுக்கொண்ட ஞான்று பட்டான்', அதாவது மாட்டு மந்தையைக் கவர்ந்த நாளில் இறந்தான் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். எடுத்தனூரில் கிடைத்த மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்றில், வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காத்துநின்ற ஒரு நாயும் இடம்பெற்றிருக்கிறது.

கேள்வி: வீரம், தைரியம், தில் ஆகியவை தமிழ்ச் சொற்களா? (வாசகர், வேலூர்)

பதில்: முதலிரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. வடமொழியார் வீரச்சுவை என்பதைத் தொல்காப்பியம் 'பெருமிதம்' என்கிறது. அது கல்வி, தறுகண், இசைமை (புகழ்), கொடை ஆகிய நான்கினால் பிறக்கும் என்றும் சொல்கிறது. போர்க்களத்து அஞ்சாமைக்கு முன்னால் கல்வியை வைத்த அந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தமானது. 'தில்' என்பது நெஞ்சைக் குறிக்கும் பாரசீகச் சொல். உருது, இந்தி வழியாகப் பேச்சுத் தமிழுக்கு வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டுமொழியாக உருது பேசுவோரிடம் இச்சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே நீங்கள் கேட்கலாம். நம்முடைய 'நெஞ்சுரம்' என்ற சொல்லும் துணிவை அதே இடத்தில்தான் வைக்கிறது.