மூடுபனியில் காமிரா: தில்லி நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

மயூர் விஹார்: அண்ணா, டிசம்பர்ல சுல்தான்பூர் ஏரிக்கு வாத்து எடுக்கப் போனேன். 600 மி.மீ. லென்ஸ். ஆனாலும் எல்லாப் படமும் வெளிறிப்போய் வந்திருக்கு. லென்ஸ்ல கோளாறா?

லென்ஸில் கோளாறு இல்லை. உங்களுக்கும் வாத்துக்கும் நடுவே எண்பது மீட்டர் மூடுபனி இருந்திருக்கும். அதிலுள்ள ஒவ்வொரு நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கிறது. தூரம் கூடக்கூட கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்பு-வெள்ளை வேறுபாடு, போய்விடும். லென்ஸை மாற்றினாலும் இது மாறாது. இருபது, இருபத்தைந்து மீட்டருக்குள் வரும் பறவையை மட்டும் நெருக்கமாக எடுங்கள். மற்ற நேரத்தில் 70-200 மி.மீ. லென்ஸ் மாட்டி, மூடுபனியையே படமாக்குங்கள். கிட்டத்து மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கப்பால் வெறும் நிழல் என்று அடுக்கடுக்காக விழும். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறினால் அந்த அடுக்கு கலைந்துவிடும்.

ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி போதும். வெள்ளை மார்பில் வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். வரித்தலை வாத்தின் வெள்ளைத் தலையில், பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை உண்டு. அங்கே வைத்தால் சட்டென்று பிடிக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், துளிகள்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

ஆர்.கே.புரம்: சார், சோப்தாவில் எடுத்த பனிமலைப் படம் எல்லாம் சாம்பல் நிறமா இருக்கு.

காமிராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். பனி நிறைந்த காட்சிக்கு எக்ஸ்போஷரை +1.3 முதல் +2 வரை கூட்டுங்கள். ஹிஸ்டோகிராம் (திரையில் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை முட்டாமல் பார்த்துக்கொண்டு, ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

துவாரகா: பிப்ரவரியில் பனிச்சிறுத்தைக்காக ஸ்பிதி, கிப்பர் போறோம். பேட்டரி எத்தனை வேணும்? காமிராவை எப்படிக் காப்பாத்துறது?

ஆளுக்கு நான்கு பேட்டரி. கடுங்குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும். மைனஸ் 20 டிகிரியில் பாதிச் சார்ஜ்கூடக் கைக்கு வராமல் போகலாம். மாற்றுப் பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு வையுங்கள். காலியானதாகக் காட்டும் பேட்டரியைத் தூக்கிப்போடாதீர்கள், சூடேறினால் இன்னும் கொஞ்சம் ஓடும். விமானத்தில் மாற்றுப் பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும்.

ஆனால் குளிரைவிட, குளிரிலிருந்து அறைக்குள் திரும்பும் நேரம்தான் காமிராவுக்கு ஆபத்து. சில்லிட்ட கண்ணாடியில் அறையின் ஈரக்காற்று பட்டதும் நீர் கோத்துக்கொள்ளும். வெளியே தெரிவதைத் துடைத்துவிடலாம், உள்ளே கோத்தது பூஞ்சைக்கு வழி. வெளியில் இருக்கும்போதே காமிராவை ஜிப் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடுங்கள். அறையில் இரண்டு மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். நீர் பையின் வெளிப்பக்கத்தில் கோக்கும். படம் பார்க்க அவசரமென்றால், மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொள்ளுங்கள். வெளியே லென்ஸ் கண்ணாடியில் வாயால் ஊதவும் வேண்டாம், அந்தக் குளிரில் மூச்சே உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

கரோல் பாக்: நாற்பதாயிரத்துக்குள்ள எந்தக் காமிரா வாங்கலாம்?

பழைய பாடி (லென்ஸ் இல்லாத காமிரா) வாங்குங்கள், மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

முனிர்கா: எந்தக் காமிரா நல்லது சார்?

மேலே சொல்லியாகிவிட்டது.

லட்சுமிபாய் நகர்: யமுனா காட் படித்துறையில கடற்காகம் பறக்கிறதை எடுக்க ஷட்டர் எவ்வளவு வைக்கணும் அண்ணா? படகுக்காரர் ஓமப்பொடி போட்டா கிட்ட வருமாம்.

ஷட்டர் 1/2000 நொடி, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6, ஆட்டோ ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 3200 வரை. ஓமப்பொடி வேண்டாம். உப்பும் எண்ணெயும் அந்தப் பறவைக்கான தீனி இல்லை. பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகிறது. வசந்தத்தில் இமயத்தைத் தாண்டித் திரும்பவேண்டிய உடம்பு அது.

சரோஜினி நகர்: நாம போடலைன்னாலும் மத்தவங்க போடத்தான் போறாங்க. படகுக்காரங்க பிழைப்பையும் பாக்கணும்ல?

படகுக்குக் கூலி கொடுங்கள், நிறையவே கொடுங்கள். பொட்டலத்தை மட்டும் வாங்காதீர்கள். விடியுமுன் படகேறி, துடுப்பை நிறுத்தச் சொல்லிச் சும்மா இருங்கள். தீனி இல்லாமலே தலைக்கு மேல் கூட்டமாகப் பறக்கும்.

லட்சுமிபாய் நகர்: ஆனா தீனி போட்டாத்தானே அந்த மாதிரிப் படம் கிடைக்கும்?

எந்த மாதிரி? வாயைப் பிளந்து, கழுத்தை முறுக்கி, ஒரு கையைப் பார்த்துப் பாயும் படம்தானே? யார் எடுத்தாலும் அதே படம்தான் வருகிறது. நீரில் மிதக்கும் பறவை இறக்கை உதறி எழும் கணம், சூரியன் சிவப்பு வட்டமாக நிற்கும்போது குறுக்கே போகும் ஒற்றைப் பறவை: இவற்றுக்குக் காத்திருங்கள். சூரியனை எடுக்கையில் எக்ஸ்போஷரை -0.7 வரை குறையுங்கள்.

ரோகிணி: காமிராவை ஹீட்டர் பக்கத்துல வெச்சு உலர்த்தலாமா?

கூடாது. துவாரகாக்காரருக்குச் சொன்ன ஜிப் பையைப் படியுங்கள்.

பஸ்சிம் விஹார்: சாரஸ் கொக்கு பார்க்க எங்கே போகலாம்?

கிரேட்டர் நொய்டா பக்கம் தனௌரி ஈரநிலம், இல்லாவிட்டால் பரத்பூர். காரிலிருந்து எடுத்தால் ஹீட்டரை அணைத்து, கண்ணாடியை முன்னமே இறக்கிவிடுங்கள். ஜன்னல் வழியே சூடான காற்று வெளியேறினால் படம் நெளியும்.

ஜனக்புரி: லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரியுது.

முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, லென்ஸைச் சாய்த்து டியூப்லைட்டுக்கு எதிரே பாருங்கள். நூல் நூலாய்க் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. மற்ற லென்ஸ்களோடு வைக்காமல் தனியே எடுத்துவைத்து, சர்வீஸில் பிரித்துத் துடைக்கக் கொடுங்கள். நீங்களே திறக்காதீர்கள். மற்றவை காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு இருக்கட்டும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் போதும்.