மகள் படிக்க விரும்புவது பூசை அல்ல, ஐயா

வணக்கம் ஐயா. மகள் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, நிலவுடைமைக் கால ஜப்பானில் சமயம் பற்றி எம்.ஏ.வில் ஆய்வு செய்யப் போகிறேன் என்று நிற்கிறாள், "சாமி, சடங்கைப் படிச்சா யார் வேலை கொடுப்பாங்க?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெற்றவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அவள் கையில் எடுத்திருப்பது வெறும் சடங்கு அல்ல.

அன்றைய ஜப்பானில் பௌத்த மடம் என்றால் நிலம், வரி, படை எல்லாம்தான். கியோத்தோ அருகே ஹியேய் மலையிலிருந்த என்ரியாகு மடத்தில் ஆயுதம் ஏந்திய துறவிகளே இருந்தார்கள். 1571இல் போர்த்தலைவர் ஓடா நொபுநாகா அதை எரித்தார். பின்னால் வந்த தோகுகாவா குடும்பத்தின் இராணுவ ஆட்சி மடங்களைத் தன் பதிவு அலுவலகமாகவே ஆக்கிக்கொண்டது. 1614இல் கிறித்தவத்துக்கு நாடு முழுக்கத் தடை. 1637-38இல் கிறித்தவ உழவர்கள் திரண்டெழுந்த ஷிமாபாரா கிளர்ச்சிக்குப் பிறகு கெடுபிடி இன்னும் இறுகியது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு பௌத்தக் கோயிலில் பதிந்தாக வேண்டும். இவர்கள் கிறித்தவர்கள் அல்ல என்று கோயில் துறவி முத்திரை வைத்துக் கொடுப்பார்.

அந்தப் பதிவேட்டில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குடும்பத் தலைவர், வயது. மனைவி, வயது. பிள்ளைகள், வேலைக்காரி. கூடவே கோயில் பெயர். பல ஊர்களில் ஆண்டுதோறும் எழுதினார்கள். போன வருடம் இருந்த பிள்ளையின் பெயர் இந்த வருடம் இல்லை என்றால், இறந்ததா, தத்துப் போனதா? மதத்தைக் கண்காணிக்க எழுதிய ஏட்டிலிருந்துதான் இன்று திருமண வயதையும் குழந்தை இறப்பையும் இடப்பெயர்வையும் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். டேட்டா சயின்ஸ் படிக்கட்டும் என்கிறீர்களே, அதற்கும் இங்கே வேலை இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: எம்.ஏ. பட்டம் மட்டும் சோறு போடாது. ஜப்பானிய மொழிதான் போடும். ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 தொடங்கி என்1 வரை ஐந்து படிகள், சென்னையிலேயே எழுதலாம். என்2 வரை ஏறிவிட்டால் மொழிபெயர்ப்பு, ஜப்பானிய நிறுவனங்கள் என்று வழி திறக்கும். ஆராய்ச்சிக்கே போனாலும், ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். பழைய ஏடுகளின் கூட்டெழுத்தைப் படிப்பது தனிப் பயிற்சி, அது அப்புறம்.

இப்போதைக்கு எம்.ஏ.வோடு மொழி வகுப்பிலும் சேர்த்துவிடுங்கள். கூடவே அடிப்படைப் புள்ளியியல் ஒரு பாடம். டிசம்பரில் என்5 எழுதட்டும். அந்த முடிவு வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அடுத்த இரண்டு வருடத்தை மூவருமாக உட்கார்ந்து திட்டமிடுவோம்.