ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் எலும்பும் கொழுப்பும்: கேள்வி பதில்

கேள்வி: ஈஸ்ட்ரோஜன் பெண்களின் ஹார்மோன்தானே? ஆண்களின் எலும்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத கேள்வி இது. 1994-இல் 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. உயரம் 204 செ.மீ.; அப்போதும் வளர்ந்துகொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முதிர்ச்சியோ வெறும் 15 வயதுக்குரியது!

சிறுவர்களின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்திருக்கிறீர்களா? எலும்பு முனைக்குச் சற்று உள்ளே, குறுக்காக ஒரு கருங்கோடு ஓடும். அதுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு என்பதால் கறுப்பாகத் தெரிகிறது. வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாகி மறைந்துவிடும். இவருக்குத் தட்டுகள் மூடவே இல்லை. எலும்பின் அடர்த்தியும் மிகக் குறைவு. டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் இயல்பைவிட அதிகம். பழுது இருந்தது ஆல்ஃபா ஏற்பியின் மரபணுவில். ஏற்பி என்பது செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொண்டு அதன் செய்தியைச் செயலாக்கும் புரதம். ஈஸ்ட்ரோஜன் என்ற கடிதங்கள் வந்து குவிந்தன, வாங்கிப் படிக்க ஏற்பி என்ற ஆள் இல்லை. ஆறு மாதம் கூடுதலாக ஈஸ்ட்ரோஜன் கொடுத்தும் பயனில்லை.

கேள்வி: ஈஸ்ட்ரோஜனே சுரக்காத ஆண்களுக்கு?

பதில்: டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் அரோமடேஸ் என்ற நொதி இல்லாமல் பிறந்தவர்களும் இப்படியே நெடிது வளர்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஏற்பி நன்றாக இருப்பதால், ஈஸ்ட்ரோஜன் கொடுத்ததும் தட்டுகள் மூடிக்கொள்கின்றன.

கேள்வி: அப்படியென்றால் பருவ வயதில் திடீரென்று உயரம் கூடுவது எதனால்?

பதில்: அதற்கும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. தொடக்கத்தில் சிறிதளவு சுரக்கும்போது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி உயரத்தைக் கூட்டுகிறது. அளவு ஏற ஏறத் தட்டை மூடிவிடுகிறது. முடுக்கிவிடுவதும் நிறுத்துவதும் ஒரே ஹார்மோன்தான்.

கேள்வி: மாதவிடாய் நின்ற பிறகு எடை அதிகம் கூடவில்லை, வயிறு மட்டும் பெருக்கிறது. ஏன்?

பதில்: ஈஸ்ட்ரோஜன் இருந்தவரை கொழுப்பு பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்ந்தது. அது குறைந்ததும் வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. ஆல்ஃபா ஏற்பி நீக்கப்பட்ட எலிகளில் ஆண், பெண் இரண்டுமே கொழுத்தன. மனிதரிலும் சான்று உண்டு: 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களின் சொந்தச் சுரப்பை அடக்கி, டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்து, ஒரு பகுதியினருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறுவதையும் தடுத்தார்கள். கொழுப்பு கூடியதற்கு முதன்மைக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவே என்று தெரிந்தது. ஆண்களின் தொப்பைக்கு டெஸ்டோஸ்டிரோனை மட்டும் குற்றம் சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

கேள்வி: பீட்டா ஏற்பி என்றும் ஒன்று உண்டாமே?

பதில்: உண்டு, 1996-இல் கண்டறியப்பட்டது. எலும்பு, கொழுப்பு இரண்டிலும் பெரிய பங்கு ஆல்ஃபாவுக்கே என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் எடுக்கிறேன். ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து என்றால் எலும்பு தேயாதா?

பதில்: இந்த மருந்துக்கு இரண்டு முகம். மார்பகத்தில் ஏற்பியை அடைத்துக்கொள்ளும். எலும்பிலோ ஈஸ்ட்ரோஜனைப் போலவே ஓரளவு வேலை செய்யும். மாதவிடாய் நின்றவர் என்றால் எலும்புத் தேய்மானத்தைக் குறைக்கவே செய்யும். இன்னும் நிற்காதவர் என்றால், உங்கள் சொந்த ஈஸ்ட்ரோஜனின் இடத்தை அதைவிட வலுக்குறைந்த இது பிடித்துக்கொள்வதால் அடர்த்தி சற்றுக் குறையலாம். எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.