செம்மரமும் காளைத் தவளையும் ஒரே பட்டியலில் இருந்தும், மரம் மட்டும் ஏன் அழியும் நிலையில்?

இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது உண்மைதான். காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இந்தியக் காளைத் தவளை 1985இலும் செம்மரம் 1995இலும் சேர்க்கப்பட்டன. ஆனால் அந்தப் பட்டியல் நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வது ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல். அதில் செம்மரம் அழியும் நிலையில் உள்ள இனம். தவளையோ கவலை மிகக் குறைந்த பிரிவில் இருக்கிறது.

அதற்காகத் தவளையை யாரும் சும்மா விட்டுவைக்கவில்லை. தவளைக்கால் ஏற்றுமதிக்காக ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன் போய்க்கொண்டிருந்தது. 1987இல்தான் இந்தியா தடை போட்டது. இத்தனைக்கும் தாக்குப்பிடித்ததற்கு அதன் வாழ்க்கை முறையே காரணம். மழை விழுந்ததும் ஆண்கள் பளிச்சென்று மஞ்சளாக மாறிக் கத்தும், பெண் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நெல் வயல், சாலையோரக் குட்டை என எந்தத் தேங்கிய நீரும் போதும். பாகிஸ்தானிலிருந்து மியான்மர் வரை பரவியிருப்பதால் ஓரிடத்தில் குறைந்தாலும் இனம் தப்பிவிடுகிறது.

செம்மரத்துக்கு இந்த வசதி எதுவும் இல்லை. இயற்கையாக அது வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் ஆந்திராவின் சேஷாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா மலைகளில்தான். விதை எளிதில் முளைப்பதில்லை. வெட்டிய அடிக்கட்டை துளிர்க்கும் என்பது உண்மை, ஆனால் கடத்துபவர் தேடுவது தளிரை அல்ல, வைரம் பாய்ந்த கட்டையை. வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் இன்னொருவர் கோடரியோடு வந்துவிடுவார்.

தடையும் இரண்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்பது என் கணிப்பு. தவளைக்கால் மலிவான சரக்கு, சீக்கிரம் கெட்டும் போகும். சட்டப்படி அனுப்ப முடியாது என்றானதும் பெரிய அளவு வணிகம் அடங்கிவிட்டது (திருட்டுத்தனமாகப் பிடிப்பது இன்னும் சில இடங்களில் உண்டு). செம்மரக்கட்டை கெடாது, ஒளித்து வைக்கலாம், சீன மரச்சாமான் சந்தையில் நல்ல விலை. தடை அதன் மதிப்பை இன்னும் ஏற்றியது.

அப்புறம், ஏராளமாக இருப்பதாலேயே தவளையைச் சாதுவென்று நினைக்க வேண்டாம். மனிதர்கள் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தமானில் இதன் தலைப்பிரட்டைகள் உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்க்கின்றன.