முதல் டைம் ட்ரயலுக்கு, கையைக் கடிக்காத செலவில் காற்றுத் தடையைக் குறைக்கும் எந்த ஏரோ சாதனங்களை வாங்கலாம்?

20 கிலோமீட்டர் தனிநபர் டைம் ட்ரயலில் (ஒவ்வொருவராகத் தனியே கிளம்பி, கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) முதல் முறையாக ஓட்டப் போவதாகவும், கையில் இருப்பது சாதாரண ரோடு பைக் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம், அல்லது இன்னும் கொஞ்சம் கடன் வாங்கிப் பழைய கார்பன் வீல் செட் ஒன்றை எடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. வீல் செட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதல் பணத்தைக் கிளிப்-ஆன் ஏரோ பாருக்கும் (ஹேண்டில்பாரில் பூட்டி, முழங்கைகளை ஊன்றிக் குனிந்து ஓட்ட உதவும் நீட்டுக் கம்பிகள்), அடுத்ததை உடம்போடு ஒட்டி நிற்கும் உடைக்கும் கொடுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருந்துகொண்டு, பொள்ளாச்சி–பாலக்காடு சாலையின் காற்றிலேயே பயிற்சி செய்கிறவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

சமதளச் சாலையில் மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், நாம் மிதிக்கும் சக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையிலும் பெரும்பகுதி, ஏறக்குறைய முக்கால் பங்கு, ஓட்டுபவரின் உடம்பால் வருவது. சைக்கிளின் பங்கு மீதியுள்ளது மட்டுமே. வேகம் இரட்டிப்பானால் தடைவிசை நான்கு மடங்காகிறது, அதை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகிறது. பிரேக் லீவர்களின் மேல் கை வைத்து 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒருவர் காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய 200 வாட் கொடுக்கிறார் என்றால், அவரே ஏரோ பாரில் முழங்கைகளைக் குறுக்கிப் படுத்து ஓட்டும்போது 160 வாட் அளவில் அதே வேகம் கிடைத்துவிடும். மிச்சமாகும் அந்த 40 வாட்டை வேகமாக மாற்றினால், 20 கிலோமீட்டரில் இரண்டு நிமிடத்துக்கு மேல் குறையும். எந்த வீல் செட்டும் இதில் பாதியைக்கூடத் தராது.

1989ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸின் கடைசி நாளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரையிலான 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரயல் தொடங்கும்போது அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், பிரெஞ்சு வீரர் லோரான் ஃபிஞ்ஞோனைவிட 50 விநாடி பின்தங்கியிருந்தார். முடிவில் 8 விநாடி வித்தியாசத்தில் ஒட்டுமொத்தப் பட்டத்தையே வென்றார். லோரான் ஃபிஞ்ஞோனின் சைக்கிளில் முன்னும் பின்னும் டிஸ்க் வீல் (கம்பிகள் தெரியாமல் முழுத் தட்டாக மூடிய சக்கரம்) இருந்தது, ஆனால் அவர் ஹெல்மெட் இல்லாமல், குடுமி காற்றில் பறக்க, சாதாரண எருமைக்கொம்பு ஹேண்டில்பாரில் ஓட்டினார். லெமாண்டிடம் பின்னால் மட்டுமே டிஸ்க் இருந்தது. அதோடு ஏரோ பாரும் வால் நீண்ட ஹெல்மெட்டும் இருந்தன. அன்று முடிவைத் தீர்மானித்தது ஒரே காரணம் என்று சொல்ல முடியாது என்றாலும், உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஏரோ பார் வாங்கும்போது விலையைவிட, முழங்கை வைக்கும் பேட்களை அகலத்திலும் உயரத்திலும் நகர்த்த முடிகிறதா என்று பாருங்கள். நகர்த்த முடியாதது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உங்கள் ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 31.8 மில்லிமீட்டரா, பழைய 26 மில்லிமீட்டரா என்று அளந்துகொள்ளுங்கள். கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால் கிளாம்ப் பூட்டத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று உறுதி செய்யாமல் திருகைத் தொடாதீர்கள். பூட்டிய பிறகு சீட்டை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால், இடுப்பு மடங்கி மூச்சு முட்டுவது குறையும். ஹேண்டில்பாரைத் தாழ்த்த, ஸ்டெமுக்கு (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் பாகம்) கீழே உள்ள ஸ்பேசர் வளையங்களை மேலே மாற்றினால் போதும், அதற்குச் செலவே இல்லை. ஆனால் முதல் நாளிலேயே முழுவதும் தாழ்த்திவிட வேண்டாம். இருபது நிமிடம் தாங்க முடியாத தாழ்வான நிலையைவிட, கடைசி வரை தலையைத் தோள்களுக்கிடையே தாழ்த்தி வைத்துக்கொள்ள முடிகிற சற்று உயரமான நிலை வேகமானது.

இதைப் பழகும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஏரோ பாரில் இருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது என்பதால், கோபாலபுரம் சோதனைச் சாவடியை நெருங்கும்போதும், தேங்காய் லாரிகள் வரிசையாக வரும்போதும், நண்பர்களோடு கூட்டமாக ஓட்டும்போதும் கை கட்டாயம் பிரேக் லீவருக்குத் திரும்பிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வீல் செட் வேண்டாம் என்றதற்கு இரண்டாவது காரணம் நம் பாலக்காட்டுக் கணவாய்தான். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிடுவதால், வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து காற்று நெருக்கிக்கொண்டு வந்து கிழக்கே பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து எதிர்த்திசையில் அடிக்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்பது இதனால்தான். பிரதான சாலை கிழக்கு மேற்காகச் செல்வதால் அதில் எதிர்க்காற்றும் பின்காற்றும் மாறி மாறி வரும். தெற்கு வடக்காகச் செல்லும் கிளைச் சாலைகளில் அதே காற்று விலாவில் மோதும். தென்னந்தோப்பின் மறைவிலிருந்து திறந்த வயல்வெளிக்கு வரும் அந்த நொடியில், முன்னால் ஆழமான ரிம் (உயரம் அதிகமான சக்கர விளிம்பு) இருந்தால் அது ஹேண்டில்பாரையே பிடுங்கப் பார்க்கும். அனுபவமுள்ளவர்களே ஆடி மாதத்தில் முன் வீலுக்குத் தாழ்ந்த ரிம்மைத்தான் போடுகிறார்கள். பின்னால் ஆழமான ரிம் இருப்பதில் அவ்வளவு ஆபத்து இல்லை, அதைப் பின்னொரு வருடம் வாங்கிக்கொள்ளலாம்.

உடைக்கு வருவோம். தொளதொளவென்ற ஜெர்சி காற்றில் படபடப்பதே கணிசமான தடை. திருப்பூர் நமக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. அந்தப் பகுதியில் விளையாட்டு உடை தைப்பவர்களிடம் அளவு கொடுத்து, கைநீளமான, முதுகுப் பக்கம் பாக்கெட் இல்லாத ஸ்கின்சூட் (மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒட்டிய உடை) ஒன்றை வெளிநாட்டுப் பிராண்டின் விலையில் சிறு பகுதிக்குத் தைத்துக்கொள்ள முடியும். நின்று பார்க்கும்போது தோளில் இழுப்பது போலவும், குனிந்து ஏரோ நிலைக்கு வந்தவுடன் சுருக்கமே இல்லாமலும் இருந்தால் அதுதான் சரியான அளவு. கைவசம் ஒட்டிய ஜெர்சி இருந்தால் முதல் பந்தயத்துக்கு அதுவே போதும். லைக்ரா ஷூ கவர் மலிவானது, போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் நம் வெயிலை நினைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வால் நீண்ட டைம் ட்ரயல் ஹெல்மெட்டில் காற்றோட்டம் மிகக் குறைவு. பங்குனி, சித்திரையில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும்போது அது தரும் சில வாட்டுகளை உடம்புச் சூடு திருப்பி எடுத்துவிடும். தவிர, களைப்பில் தலை குனிந்தால் அந்த வால் மேலே தூக்கிக்கொண்டு தடையைக் கூட்டும். துளைகள் குறைவான ஏரோ ரோடு ஹெல்மெட் ஒன்று இருந்தால் அன்றாடப் பயிற்சிக்கும் உதவும்.

டயர் காற்றுத் தடையோடு சேர்ந்த விஷயம் அல்ல, ஆனாலும் பணம் மிஞ்சினால் வேகமான டயர் ஒரு ஜோடி வாங்குங்கள். 20 கிலோமீட்டருக்கு ஒரு பாட்டிலுக்கு மேல் தேவைப்படாது. மற்ற பாட்டிலையும் அதன் கூட்டையும், சீட்டுக்கடியில் தொங்கும் பையையும் கழற்றி வையுங்கள்.

எதை மாற்றினாலும், காற்று எழும்புவதற்கு முன் அதிகாலையில், ஒரே சாலையில் போகவும் வரவும் ஓட்டிச் சோதித்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் எடுத்த நேரத்தை இந்தக் கணவாயில் நம்பவே கூடாது. பணம் கொடுப்பதற்கு முன்பு போட்டி அமைப்பாளரிடம் ஏரோ பார் அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள், சில போட்டிகளில் ரோடு பைக் பிரிவுக்கு அது கிடையாது. போட்டியன்று எண் அட்டையை நான்கு மூலைகளில் மட்டும் குத்தாமல் விளிம்புகளிலும் சேர்த்து எட்டு ஊக்குகள் போட்டு, நீங்கள் குனிந்திருக்கும்போது வேறொருவரை முதுகில் குத்தச் சொல்லுங்கள்.